அப்பாவின் சைக்கிளும் 87-ஆம் அத்தியாயமும்

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டால் பேங்க்காரன் வீட்டில் முதலில் நடப்பது கணக்கெடுப்புதான். எதை லாரியில் ஏற்றுவது, எதை விற்பது, எதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவது. பல ஊர் பார்த்தாகிவிட்டதால் எங்கள் வீட்டில் இந்தக் கணக்கெடுப்பு கிட்டத்தட்ட ஆடிட் மாதிரியே நடக்கும். ஆடிட்டர் தங்கமணிதான். அப்பீல் கிடையாது.

லூதியானாவை விட்டுக் கிளம்ப மூன்று வாரம் இருந்தது. விற்க வேண்டிய பட்டியலில் சைக்கிள் சம்பந்தமாக மூன்று ஐட்டம். மகளுக்குச் சின்னதாகிப்போன 20 இஞ்ச் சைக்கிள். என்னுடைய பழைய சைக்கிளுக்கு என்று வாங்கி, பொருந்தாமல் பரணில் கிடந்த ஒரு ஜோடி டயர். மூன்றாவது, அப்பாவின் ஹெர்குலிஸ்.

அது அம்பத்தூரில் செய்த வண்டி. 28 இஞ்ச் சக்கரம், டபுள் பார், பின்னால் ஒரு மூட்டை அரிசி தாங்கும் கேரியர். நான் குரங்கு பெடல் பழகியது அதில்தான். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு டிரான்ஸ்ஃபருக்கு அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன். புது ஊரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. "ஏங்க, அது துருப்பிடிச்சு நிக்கறத மாமா பாத்தா சந்தோஷப்படுவாரா?" என்று ஆடிட்டர் ஒரே கேள்வியில் ஃபைலை மூடிவிட்டார்.

சரி, இணையத்தில் போட்டு விற்கலாம் என்று உட்கார்ந்தேன். போட்டோ எடுத்தாச்சு, விலை போட்டாச்சு. அடுத்து, 'வகையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு கட்டம். விளையாட்டுப் பொருள்கள், வாகனங்கள், குழந்தைகள், உடற்பயிற்சி, பழம்பொருள்கள் என்று வரிசையாகப் பெட்டிகள். சைக்கிள் என்பது இதில் எது?

நான் பி.காம். படித்தவன். டெபிட்டா கிரெடிட்டா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இங்கே கை நின்றுவிட்டது. கடைசியில் மகளின் சைக்கிளைக் 'குழந்தைகள் - பொம்மைகள்' பெட்டியில் போட்டேன். அப்பாவின் சைக்கிளைப் 'பழம்பொருள்கள்' பெட்டியில் போட்டேன், நாலு காசு கூடுதலாக வருமே என்ற ஆசையில். டயரை 'வாகன உதிரிபாகங்கள்' பெட்டியில். மூன்றுமே தப்பு. ஏன் தப்பு என்று பிறகு தோண்டிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

கோர்ட்டுக்குப் போன கேள்வி

சைக்கிள் எந்த வகை என்ற குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. 1879-ல் இங்கிலாந்து நீதிபதிகளுக்கும் வந்தது.

அங்கே 1835-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம் ஒன்று இருந்தது. சாலையில் எந்த வகை 'வண்டி'யையும் தறிகெட்ட வேகத்தில் ஓட்டினால் அபராதம். பெடல் வைத்த சைக்கிள் பாரிஸில் பிரபலமானதே 1860-களில்தான். சட்டம் எழுதியவர்கள் மனதில் குதிரை வண்டிதான் இருந்திருக்க முடியும். வேகமாக சைக்கிள் ஓட்டி மாட்டிக்கொண்டவர் தரப்பு வாதம், சைக்கிள் வண்டியே இல்லை என்பது. டெய்லர் எதிர் குட்வின் என்ற அந்த வழக்கில் கோர்ட், சைக்கிளும் வண்டிதான், அபராதம் சரிதான் என்றது.

அடுத்த வருஷம், 1880-ல், வில்லியம்ஸ் எதிர் எல்லிஸ் என்று இன்னொரு வழக்கு. இந்த முறை கேள்வி சுங்கச்சாவடிக் கட்டணம் பற்றியது. வண்டிகளுக்குக் கட்டணம் உண்டு, சைக்கிளுக்கு உண்டா? கட்டணச் சட்டம் சொல்லும் வண்டிகளில் சைக்கிள் சேராது, கட்டணம் கிடையாது என்று தீர்ப்பு.

அதே ஊர், அதே சைக்கிள். ஒரு வருஷ இடைவெளியில் ஒரு சட்டத்துக்கு வண்டி, இன்னொரு சட்டத்துக்கு வண்டி இல்லை! முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. யோசித்தால் இரண்டுமே நியாயம்தான். முதல் சட்டம் கேட்டது, 'இது மேலே மோதினால் ஆளுக்கு அடிபடுமா?' அடிபடும். இரண்டாவது கேட்டது, 'இது போனால் ரோடு தேயுமா?' குதிரைகள் இழுக்கும் வண்டி போல் தேயாது. கேள்வி மாறினால் பெட்டியும் மாறுகிறது.

1888-ல் உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரு பிரிவு போட்டு, நெடுஞ்சாலைச் சட்டங்களைப் பொறுத்தவரை சைக்கிள் வண்டியே என்று எழுதிவைத்தார்கள். கூடவே இருட்டினால் விளக்கு வேண்டும், முன்னால் போகிறவரைத் தாண்டும்போது மணியடிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் வால்டியூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார் என்று அப்பா சொல்வாரே, அந்தக் கெடுபிடிக்குப் பாட்டன் முப்பாட்டன் இந்த மாதிரிச் சட்டங்கள்தான். அப்பா சைக்கிளின் முன் ஃபோர்க்கில் பஞ்சாயத்து லைசென்ஸ் தகர வில்லை ஒன்று ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது. வரி கேட்ட பஞ்சாயத்துக்கும் சைக்கிள் 'வண்டி'தான்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைய பேட்டரி சைக்கிளைப் பாருங்கள். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்ஸுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், எடையும் வரம்புக்குள் என்றால் அது மோட்டார் வாகனமே இல்லை. அதுவே சுங்க அட்டவணையில் மோட்டார் சைக்கிளோடு ஒரே தலைப்பில் உட்கார்ந்திருக்கும். 1879-ம் 1880-ம் இன்னும் முடியவில்லை.

பிரித்து மேய்ந்த அட்டவணை

இனி என் தொழிலுக்கு வருகிறேன். லூதியானாவில் பேங்க் வேலை என்றால் சைக்கிளிலிருந்து தப்ப முடியாது. கில் ரோடு, மில்லர்கஞ்ச் பக்கம் போனால் கடைக்குக் கடை ரிம், ஹப், பெடல், மட்கார்டுதான். அவர்களின் பில்களில் நாலு இலக்கம், ஆறு இலக்கம், எட்டு இலக்கம் என்று எண்கள் இருக்கும். எச்.எஸ். குறியீடு. உலகம் முழுக்க ஒரே மாதிரிப் பொருள்களை வகைப்படுத்த 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த முறை. நம் நாட்டு எக்ஸைஸ் அட்டவணை அதற்குக் கொஞ்சம் முன்பே, 1986-ல், இந்த அமைப்புக்கு மாறிவிட்டது. இப்போது ஜி.எஸ்.டி.யும் இதே எண்களில்தான் ஓடுகிறது.

இந்த அட்டவணையிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்துப் பாருங்கள். முழு சைக்கிள் 87-ஆம் அத்தியாயத்தில், 8712. ஃபிரேம், ஃபோர்க், ரிம், ஸ்போக்ஸ் கம்பி, பிரேக், சீட், பெடல் எல்லாம் பக்கத்து வீடு, 8714. அதுவரை சரி. டயரைக் கழற்றினால் அது ரப்பர் அத்தியாயத்துக்கு ஓடிவிடும், 4011. டியூப் 4013. செயின் இரும்புச் சாமான்களோடு 7315-ல். மணியும் அங்கே போகாமல் 8306. பூட்டு 8301. காற்றடிக்கும் பம்ப் 8414. சைக்கிள் லைட் 8512. ஹெல்மெட், தொப்பிகளோடு 6506.

சைக்கிள் மாதிரியே இருக்கும் மற்றவையும் உண்டு. வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் எக்சர்சைஸ் சைக்கிள், 9506, விளையாட்டு உடற்பயிற்சிச் சாமான். மூன்று வயசுக் குழந்தையின் மூணு சக்கர வண்டி, 9503, பொம்மை. ஆனால் குழந்தைகளுக்கான இரண்டு சக்கர சைக்கிள் பொம்மை இல்லை, அதுவும் 8712-தான். (என் மகள் இதைக் கேட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள்.)

இப்படிப் பிரித்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. சைக்கிளுக்கென்றே செய்த பாகம் சைக்கிளோடு. பொதுவான பாகம் என்றால், அது எதனால் ஆனதோ அந்த வீட்டோடு. பூட்டு சைக்கிளில் தொங்கினாலும் பூட்டுதான். ஹெல்மெட்டைச் சைக்கிளில் மாட்டுவதில்லை, தலையில் மாட்டுகிறோம்.

எண் மாறினால் பணமும் மாறியது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சைக்கிளுக்கு 12 சதவீதம், சைக்கிள் டயருக்கும் டியூபுக்கும் 5 சதவீதம். ஒரே கடை, ஒரே பில், இரண்டு வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்துதான் சைக்கிளும் 5 சதவீதத்துக்கு இறங்கியது. எங்கள் கிளைக்கு வரும் ஒரு சின்ன வியாபாரி ஹெல்மெட்டையும் 'சைக்கிள் ஐட்டம்தானே சார்' என்று 8714-ல் எழுதிக்கொண்டு வந்தார். சரக்கில் குறையில்லை, பெட்டிதான் தப்பு. திருத்திக்கொண்டு வரும்வரை அவர் பேப்பர் நகரவில்லை. கடன் வட்டி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

கடைக்காரர் பெட்டி

சட்டத்துக்கும் வரிக்கும் ஒரு பெட்டி என்றால் வியாபாரத்துக்கு வேறு பெட்டி. சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் சைக்கிள் தொழில் மளமளவென்று வளர்ந்தது. அம்பத்தூரில் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிபட்டில் 1951-ல் அட்லஸ், அசன்சோலில் சென்-ராலே, லூதியானாவில் 1956-ல் முஞ்சால் சகோதரர்களின் ஹீரோ. பாகம் விற்றுத் தொழில் கற்ற ஹீரோ, உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று 1986-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

இந்தத் தொழிலில் பேச்சு வழக்கில் இரண்டே பெரிய பெட்டிகள். கறுப்பு நிற, கனமான ரோட்ஸ்டர் 'ஸ்டாண்டர்டு'. மற்றது எல்லாம், லைட் ரோட்ஸ்டரோ லேடீஸோ மலைச் சைக்கிளோ குழந்தைகள் சைக்கிளோ, 'ஃபேன்ஸி'. பால்காரர் வாங்குவது ஸ்டாண்டர்டு, பர்த்டேக்கு வாங்குவது ஃபேன்ஸி. யார் மிதிக்கிறார்கள் என்பதை வைத்துப் போட்ட பெட்டி இது.

அந்தப் பெட்டியும் சில சமயம் தோற்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் போய் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில் வரை போகும் அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பாவாடைக்கும் சேலைக்கும் இடைஞ்சல் என்று கம்பெனிகள் நினைத்த பார், ஒரு அம்மாவுக்கு முன் சீட். பெட்டி மேல் என்ன எழுதியிருந்தது என்று அவர்கள் கவலைப்படவில்லை.

26 என்றால் எந்த 26?

பொருந்தாத டயர் கதைக்கு வருகிறேன். என் சைக்கிள் 26 இஞ்ச். வாங்கிய டயரும் 26 இஞ்ச். மாட்டினால் ரிம்மில் நிற்காமல் லொடலொடவென்று கழன்று வந்தது... இல்லை, அப்படி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏறவே இல்லை. அரை மணி நேரம் டயர் லீவரோடு மல்லுக்கட்டிவிட்டுப் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போனேன். பார்த்த உடனே சிரித்தார்.

'26' என்பது டயரின் வெளிச்சுற்று விட்டம், அதுவும் சுமாராக. ரிம்மில் உட்காரும் உள் விட்டம்தான் முக்கியம். நம் லைட் ரோட்ஸ்டரின் 26 x 1⅜ டயருக்கு அது 590 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளின் 26 x 1.95 டயருக்கு 559. ஒரே '26', நடுவில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். இந்தக் குழப்பத்தின் வேர் பழைய பிரெஞ்சு அளவு முறையில் இருக்கிறது. அவர்கள் வெளி விட்டத்தை 650, 700 என்று வைத்துக்கொண்டு, டயர் தடிமனுக்குத் தக்கபடி ஏ, பி, சி என்று பிரித்தார்கள். தடித்த டயருக்குச் சின்ன ரிம், மெல்லிய டயருக்குப் பெரிய ரிம், வெளியே அளந்தால் ஒன்று. காலப்போக்கில் தடிமன்கள் மாறின, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்த 650ஏ-தான் நம் 590. அப்பாவின் 28 x 1½ அதே முறையில் 700பி, உள் விட்டம் 635. இன்றைய ரேஸ் சைக்கிளின் 700சி-யும், 29 இஞ்ச் என்று விற்கும் மலைச் சைக்கிளும் ஒரே 622!

ஆகவே டயர் விற்பவர் '26 இஞ்ச்' என்ற துணைப்பெட்டியோடு நிறுத்தினால் பாதிதான் சொன்ன மாதிரி. டயரின் பக்கவாட்டில் 37-590, 40-635 என்று ஒரு ஜோடி எண் பொறித்திருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது உள் விட்டம். அதைத் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

பார்க்காத பக்கம்

பழைய நாளில் பேப்பரில் வரி விளம்பரம் கொடுப்போம். 'வாகனங்கள்' பகுதியில் வர வேண்டியது 'பலவகை'யில் வந்தாலும், டீக்கடையில் பேப்பரை மேலிருந்து கீழ் வரை மேய்கிற ஒருவர் கண்ணில் பட்டுவிடும். 1995-ல் ஈபே, பிறகு நம் ஊரில் பாஸீ (அதை 2004-ல் ஈபே வாங்கியது) என்று வந்தபோது அந்தப் பகுதிகளே பெட்டிகளாக மாறின. ஒரே ஒரு வித்தியாசம். இங்கே மேய்வதற்குப் 'பக்கம்' என்று ஒன்று கிடையாது. வாங்குபவர் சைக்கிள் என்ற பெட்டியைத் திறந்து, சக்கர அளவு, விலை, ஊர் என்று சலித்துக்கொண்டே போகிறார். வேறு பெட்டியில் கிடக்கும் பொருள் அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. சக்கர அளவு கேட்கும் கட்டமே சரியான பெட்டியைத் தேர்ந்தெடுத்தால்தான் திறக்கும்.

எனக்கு நடந்ததும் அதுதான். மகளின் சைக்கிளுக்கு வந்த போன் எல்லாம் நடக்கப் பழகும் குழந்தைகளின் அப்பாக்களிடமிருந்து. டயருக்கு, "கார் எந்த மாடல் சார்?" அப்பாவின் சைக்கிளுக்கு இரண்டே போன். ஒருவர் ஹோட்டல் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். இன்னொருவர் நல்ல விலை சொன்னார். கூடவே, "பாதியா அறுத்து முன்பக்கத்தை மட்டும் செவுத்துல பதிப்போம்" என்று விளக்கமும் கொடுத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

காலையில் எழுந்து மூன்றையும் மாற்றினேன். கோர்ட் கேட்ட கேள்வி வேறு, வரி கேட்ட கேள்வி வேறு, கடைக்காரர் கேட்ட கேள்வி வேறு. விற்கிறவன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இது யாருக்குத் தேவை, அவர் எந்தக் கதவைத் தட்டுவார்? 'சைக்கிள் - பெரியவர்களுக்கு' என்ற பெட்டியில், "28 இஞ்ச், டபுள் பார், கேரியர், ஸ்டாண்டு, நன்றாக ஓடும்" என்று எழுதினேன். விலையைப் பாதியாகக் குறைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஒருவர் வந்தார். பீகார்க்காரர், ஃபோர்ஜிங் பட்டறையில் வேலை, நைட் ஷிப்ட் முடிந்து திரும்ப வண்டி கிடைப்பதில்லையாம். அவரும் என்னை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். வண்டியை ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குனிந்து காது கொடுத்துக் கேட்டார். அப்பாவும் சைக்கிள் வாங்கினால் அப்படித்தான் பார்ப்பார். இருநூறு குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைத்தேன். கேட் தாண்டியதும் மணி அடித்தார். (8306, என்று மனசுக்குள் ஓடியது. தொழில் புத்தி!)

"விலை கம்மிதான், ஆனா சரியான எடத்துக்குப் போயிருக்கு" என்றது ஆடிட்டர். அப்ஜெக்‌ஷன் இல்லாமல் ஒரு என்ட்ரி பாஸானது எங்கள் வீட்டு வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

பி.கு.: மகளின் சைக்கிள், பக்கத்து பிளாக் பையனுக்கே போனது. டயர்களை "559, மலைச் சைக்கிளுக்கு மட்டும்" என்று எழுதிப் போட்டேன். இரண்டே நாளில் ஒரு காலேஜ் பையன் வந்து எடுத்துப்போனான். நீங்களும் இதுபோல் எதையாவது தப்பான பெட்டியில் போட்டுவிட்டு, ஏன் விற்கவில்லை என்று முழித்ததுண்டா? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அடுத்த டிரான்ஸ்ஃபர் வராமலா போகும்!